‘சீட்’ என்ற சொல்லின் பூர்வீகம்

சமாதான நீதவான் கனகசூரியம், ஏமாற்று என்று பொருள்படும் ‘சீட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பூர்வீகம் பற்றி மட்டக்களப்பு நகரில் உரையாற்றிய அன்று, மண்டபத்தில் ஒரேயொரு மின்விசிறிதான் வேலை செய்தது. அது மேடைக்கு மேலே இருந்தது. கீழே இருந்தவர்கள் அழைப்பிதழால் விசிறிக்கொண்டார்கள். அழைப்பிதழ் நல்ல தடிப்பான மட்டையில் அடிக்கப்பட்டிருந்ததால், அந்த வகையில் விழா பயனுள்ளதாகவே அமைந்தது.

கனகசூரியம் ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வவுணதீவைத் தாண்டிய ஓர் ஊரில் இருக்கிறார். அந்த ஊர் அம்மன் கோயிலின் வண்ணக்கர் அவர்தான். கோயிலின் நிருவாகமும் சாவிக் கோர்வையும் வண்ணக்கர் கையில் இருக்கும். அந்தப் பதவி குடி பார்த்து, அதாவது தாய்வழிக் குலம் பார்த்து வருவது. தகப்பன் யார் என்று அரசாங்கம் கேட்கும், தாய் எந்தக் குடி என்று ஊர் கேட்கும். கனகசூரியத்திடம் இரண்டு கேள்விக்கும் உரத்த பதில் இருந்தது. அவர் வீட்டு வாசல் பலகையில் பெயருக்குப் பின்னால் வந்த பட்டங்கள் பெயரைவிட நீளமானவை. கடைசிப் பட்டம் பலகையில் இடம் போதாமல் மதிலில் தொடர்ந்தது.

நகரத்து வாசகர் வட்டம் மாதம் ஒரு முறை ‘ஆங்கிலச் சொல் அறிவோம்’ என்று அவரைப் பேச வைத்தது. போன மாதம் ‘வில்லன்’ என்ற சொல். அதன் ஆதிப்பொருள் பண்ணையில் வேலை செய்யும் நாட்டுப்புறத்தான் என்பதை, முன்வரிசையில் இருந்த வேளாண்மைச் சங்கத் தலைவரைப் பார்த்தபடியே நிறுவினார். தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். எதற்கென்று அவருக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்தவர் தட்டினார், அவரும் தட்டினார். நம்முடைய சபைகளுக்கு ‘விளங்கவில்லை’ என்ற முகத்தை யாரும் கொண்டுவருவதில்லை. அதை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுத்தான் சட்டை போடுகிறார்கள்.

அன்று தலைமை தாங்கிய பண்டிதர் கோணாமலை, தலைமையுரையிலேயே பிரச்சினையை முடித்துவிடப் பார்த்தார். ‘சீட்’ என்பது நம்முடைய சீட்டிலிருந்து போனதுதான் என்றார். சீட்டுப் பிடிக்கிறவள் காசோடு ஓடிவிட்டால் நடப்பது என்ன, ஏமாற்று. வெள்ளைக்காரன் வந்தான், நம்மவர்களிடம் சீட்டுக் கட்டினான், ஏமாந்தான், சொல்லைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறினான். இதற்குமேல் ஆதாரம் வேண்டுமா என்று கேட்டார். மண்டபத்தில் பாதிப்பேர் எங்கோ ஒரு சீட்டில் இழந்தவர்கள். அந்தக் கைதட்டல் மட்டும் மனதிலிருந்து வந்தது.

கனகசூரியம் புன்னகையோடு எழுந்து பண்டிதரின் தமிழ்ப் பற்றை மெச்சினார். மெச்சிய விதத்திலேயே, அது பற்று மட்டும்தான் என்பது சபைக்கு விளங்கிவிட்டது. பிறகு சொல்லுக்குள் இறங்கினார்.

சோதனையில் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதினால் சீட். கடதாசி விளையாட்டில் ஒரு கடதாசியைத் தொடைக்குக் கீழே வைத்தால் சீட். காதலித்துக் கைவிட்டால் ‘சீட் பண்ணிட்டான்’ என்கிறார்கள். இன்று இப்படித் தெருவில் அலைகிற இந்தச் சொல் ஒரு காலத்தில் சட்டப் புத்தகத்துக்குள் கௌரவமாக வீற்றிருந்தது என்றார். அதன் முழு உருவம் ‘எஸ்சீட்’. பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது, அதற்கும் அப்பால் லத்தீன், மூலப்பொருள் விழுதல். வாரிசு இல்லாமல் ஒருவன் செத்தால் அவன் நிலம் பிரபுவின் மடியில் விழும், இல்லாவிட்டால் அரசனின் மடியில் விழும். விழுந்ததைப் பொறுக்குவதற்கு அரசன் அதிகாரிகளை வைத்தான். அந்த அதிகாரிகளுக்குப் பொறுமை போதவில்லை. வாரிசு இருந்த இடத்திலும் இல்லை என்று எழுதினார்கள். பிள்ளை முற்றத்தில் நின்று அழுதுகொண்டிருக்கும்போதே பிள்ளை இல்லை என்றார்கள். சனம் என்ன செய்யும்? அந்த அதிகாரியின் பதவிப் பெயரில் தலையைக் கிள்ளி எறிந்துவிட்டு, மிச்சத்தை ஏமாற்றுக்காரனுக்குப் பெயராக வைத்தது.

“மதிப்பான ஓர் உத்தியோகத்தின் பெயர், பார்த்த வேலையால் களவுக்குப் பெயராகிப் போச்சு” என்று அவர் முடித்தபோது குரல் தழுதழுத்தது. உத்தியோகத்தர்களுக்கு நேர்ந்த அவமானம் அவரை எப்போதும் பாதிக்கும்.

அதன்பின் அவரே ஒலிவாங்கியை விடாமல், நன்றியுரை சொல்ல ஒருவரை அழைத்தார். “எங்கட குடிப்பிள்ளை, தக்சிகா ரீச்சர்.”

பின்வரிசையில் இருந்து எழுந்து வந்த தக்சிகாவுக்கு இருபத்து நான்கு வயது. அவருடைய ஊர் முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். கனகசூரியத்தின் இலவச ஆங்கில வகுப்பில் படித்தவள். ‘எங்கட குடிப்பிள்ளை’ என்று ஒருவர் ஒலிபெருக்கியில் சொல்லி அவள் இதுவரை கேட்டதில்லை. மேடைக்கு ஏறும்போது எழுதிக்கொண்டு வந்த இரண்டு நன்றிகளை மறந்தாள். எஸ்சீட் அதிகாரிகளைப் பற்றித் தெரிந்துகொண்டதற்கு நன்றி சொன்னாள். அதைச் சொல்லித்தந்த சேரைப் போல ஒருவர் தங்கள் ஊருக்குக் கிடைத்ததற்கு இன்னொரு நன்றி சொன்னாள். சபை தட்டியது.

அவள் அம்மா என்று அழைத்த யோகம்மா அவளைப் பெறவில்லை. அது ஊரில் எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாரும் சொல்லிக்கொள்வதில்லை. யோகம்மாவின் புருஷனைத் தொண்ணூறாம் ஆண்டு ஓர் இராணுவச் சுற்றிவளைப்பில் கொண்டுபோனார்கள். பதினாலு வருஷம் கழித்துக் கடல் வந்து, வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையை எடுத்த கிழமையில், அவள் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு ஒரு பள்ளிக்கூட முகாமுக்குப் போனாள். அங்கே நாலு வயது மதிக்கத்தக்க ஒரு பெண்பிள்ளை அவளுடைய சேலையைப் பிடித்தது. யோகம்மா மற்ற வகுப்பறைகளுக்கும் சோறு கொடுத்து முடித்தாள், பிள்ளை கையை எடுக்கவில்லை. தேடி வருகிறவர்களுக்காகச் சில மாதம் பார்த்தார்கள். ஒருவரும் வரவில்லை. யோகம்மா அரச அலுவலகம் எதற்கும் போகவில்லை. ஒரு தரம் அலுவலகத்துக்குப் போய்ப் புருஷனைக் காணவில்லை என்று பதிந்துவிட்டு வந்தவள் அவள். பதிந்தும் அவர் வரவில்லை. பிள்ளையையும் பதியப் பயந்துவிட்டாள்.

இப்போது யோகம்மாவும் இல்லை. மூளைக்குள் இரத்தம் கசிந்து மூன்று நாள் பெரியாஸ்பத்திரியில் கிடந்து போய்விட்டாள். மிஞ்சியது வாவிக்கரையில் தென்னை நிற்கிற ஒரு வளவும் அதில் ஒரு கல்வீடும். அது யோகம்மாவுக்குத் தாய் கொடுத்த சீதனம். இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணோடு போகும், தாயிடமிருந்து மகளுக்கு. தக்சிகா அந்த வீட்டின் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு, தன்னுடையது என்று சொல்லத் தைரியம் இல்லாமல் இருந்தாள்.

ஏறாவூர்ச் சட்டத்தரணி நிஸ்தாரிடம் போய்க் கேட்டாள். அவளுடைய முன்பள்ளியில் நிஸ்தாரின் கிளார்க்குடைய மகள் படித்ததால் அவர் காசு வாங்கவில்லை. விஷயத்தைச் சுருக்கமாகவே சொன்னார். தத்தெடுத்ததற்கு நீதிமன்றக் கட்டளை இல்லை, ஆகவே சட்டத்தில் அவளுக்கு ஒன்றும் இல்லை. யோகம்மாவுக்கு இருக்கிற ஒரே உரித்தாளி தங்கச்சி வசந்தாதேவி. காணி அவவுக்குப் போகும். அவ மனம் வைத்து ஒரு நன்கொடை உறுதி எழுதித் தந்தால் வீடு தக்சிகாவுக்கு. “சட்டத்துல இல்லாதது உங்கட சின்னம்மாட மனசுல இரிக்கி, தங்கச்சி. மனசு மாறுறதுக்குள்ள நொத்தாரிசிக்கிட்டக் கூட்டிட்டுப் போங்க.”

வசந்தாதேவிக்கு அப்போது மனம் இருந்தது. செத்த வீட்டில் அழுது முடித்த கையோடு, வீடு உனக்குத்தான் புள்ள என்று நாலு பேர் கேட்கச் சொன்னவள் அவள். ஆனால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியுமுன் காணிக் கதை எடுப்பது அழகில்லை என்று தக்சிகா ஒத்திப்போட்டாள். அந்தியேட்டி முடிந்தது. முடிந்த கிழமையில்தான் நன்றியுரை வந்தது, அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை குடிக்கூட்டம் வந்தது.

கனகசூரியத்தின் மருமகன் கோகுலராஜ் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் மேற்பார்வை வேலை பார்த்துப் பல விஷயங்களைக் கண்டுகொண்டவர். வெள்ளைக்காரருக்கு இப்போது கடல் அலுத்துவிட்டது, அமைதியான வாவியும் நாலு வள்ளமும் தென்னைக்குக் கீழே ஒரு கட்டிலும் இருந்தால் போதும் என்று அவர் ஊரில் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கையை நீட்டிச் சொல்லும்போதெல்லாம் விரல் யோகம்மாவின் வளவைக் காட்டியது. ஊர் இதைக் கவனித்தது. கவனித்ததைத் தனக்குள் வைத்துக்கொண்டது.

கூட்டம் காலைப் பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் நடந்தது. ஆண்கள் பாயில் இருந்தார்கள், பெண்கள் தூண்களுக்குப் பக்கத்தில். கனகசூரியம் சால்வையைச் சரிசெய்துகொண்டு, நம் குடியின் அரிய வழமை ஒன்று மறைந்துபோகும் அபாயத்தில் இருக்கிறது என்று தொடங்கினார். அதன் பெயர் ‘குடிமீள் வழமை’ என்றார். பெயரைக் கேட்டதும் பலர் தலையை ஆட்டினார்கள், நெடுநாள் காணாத உறவினரைக் கண்டது போல. குடியில் ஒரு பெண் தன் வயிற்றில் பெண்பிள்ளை பெறாமல் போனால், தாய் கொடுத்த வளவு தாய்க்கே திரும்பும். தாய் யார்? குடிக்குத் தாய் அம்மன். ஆகவே வளவு கோயிலின் மடியில் விழும். இது ஆதிமுதல் வந்தது, உங்களுக்கெல்லாம் நான் சொல்லவேண்டியதில்லை என்றார்.

உண்மையில் அவர் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது, ஏனென்றால் அந்த மண்டபத்தில் அதைக் கேள்விப்பட்டவர் ஒருவரும் இல்லை. ஆனால் குடி வழமை தெரியாது என்பது அந்த ஊரில் சாதாரணமான தெரியாமை அல்ல. தெரியாது என்றால் வீட்டில் சொல்லித்தர ஆளில்லை என்று பொருள். சொல்லித்தர ஆளில்லை என்றால் தாய் வேறெங்கோ இருந்து வந்தவள் என்று பொருள். அதன்பிறகு கோயிலில் மரியாதைக்குரியவர்களுக்குக் காளாஞ்சித் தட்டு நீட்டும்போது அவர் முறை கடைசிக்குப் போகும்.

பிரதேச செயலகத்தில் வேலை செய்கிற விஜிதரன் மட்டும் எழுந்து, தான் இப்படியொன்றைக் கேள்விப்படவில்லையே என்றான். கனகசூரியம் கோபப்படவில்லை. மிகுந்த பரிவோடு ஒரேயொரு கேள்வி கேட்டார்.

“தம்பிட அம்மா பிறந்தது எங்க?”

மண்டபத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு ஓடியது. விஜிதரனின் தாய் பிறந்தது அதே ஊரில், அதே குடியில்தான். ஆனாலும் கேள்வி விழுந்த பிறகு பதில் யாருக்கு வேண்டும்? அவன் திரும்பப் பாயில் இருந்துகொண்டான். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே மறுபடி எழுந்து, யோசித்துப் பார்த்தால் தன் தாய்மாமன் ஒருமுறை இதைப் போல ஏதோ சொன்னதாக ஞாபகம் வருகிறது என்றான். அதற்குப் பிறகு ஞாபகம் தொற்றுநோயாகப் பரவியது. ஒருவருக்குப் பெரியப்பா சொன்னது நினைவு வந்தது. இன்னொருவர் எந்த வளவு அப்படிக் கோயிலுக்கு விழுந்தது என்று இடத்தையே காட்டினார்; அது அவருடைய பக்கத்துக் காணிக்காரனுடையது, அவர்களுக்குள் வேலிச் சண்டை இருந்தது.

கனகசூரியம் பெண்கள் பக்கம் திரும்பினார்.

“வசந்தா, நீ சொல்லு. உன்ட அம்மா உங்க ரெண்டு பேருக்கும் இதச் சொல்லாம போயிரிக்க மாட்டா.”

வசந்தாதேவி தக்சிகாவைப் பார்த்தாள். பிறகு பாயில் இருந்த தன் மூத்த மகனைப் பார்த்தாள். வருகிற கோயில் சடங்குக்கு அவனை வண்ணக்கரின் உதவிக்கு எடுக்கலாம் என்று ஒரு கதை இருந்தது. பிறகு தூணைப் பார்த்தாள்.

“ஓம் அண்ணன். சொன்னவதான்.”

இனிக் கையொப்பத்தைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. காணிக்கு உரியவள் சம்மதித்துவிட்டாள். கனகசூரியம் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் முழுமையை விரும்புகிறவர். நாளைக்கு ஒருவரும் வளர்த்த பிள்ளையிடம் பறித்ததாகச் சொல்லக்கூடாது; பிள்ளையே கொடுத்ததாக இருக்கவேண்டும். குரலை இறக்கி, நன்றியுரைக்கு அழைத்த அதே அன்போடு அவளை அழைத்தார்.

“தக்சிகா மகள். யோகம்மா உன்னப் பெத்த பிள்ளை போலத்தான் வளத்தவ. பெத்த பிள்ளைக்கிச் சொல்லுற எல்லாத்தையும் உனக்கும் சொல்லித்தான் இரிப்பா. இதச் சொன்னவவா, இல்லையா?”

தக்சிகா எழுந்து நின்றாள். அவளுக்கு எல்லாம் விளங்கியது. மடியில் விழுகிற நிலமும், பிள்ளை நிற்கும்போதே பிள்ளை இல்லை என்று எழுதிய அதிகாரிகளும் அவளுக்குப் புதிதல்ல. ஒரு கிழமைக்கு முன்னர்தான் அதற்கு மேடையில் நன்றி சொல்லியிருந்தாள். ‘சீட்’ என்ற அந்தச் சொல் நாக்கின் நுனிவரை வந்தது. அவள் வாயைத் திறந்தால் மண்டபத்தில் பாதிப்பேருக்கு அது விளங்கும். தமிழில் மொழிபெயர்க்கக்கூட வேண்டியதில்லை.

ஆனால் கேட்கப்பட்ட கேள்வி அதுவல்ல. சொல்லவில்லை என்று அவள் சொன்னால், ஒரு தாய் மகளுக்குச் சொல்லுவதை யோகம்மா அவளுக்குச் சொல்லவில்லை. அப்படியென்றால் அவள் மகள் இல்லை. இருபது வருஷம் ஒரு வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த யாரோ ஒருத்தி. சொன்னாள் என்றால் மகள், வீடு போகும். வீட்டைத் தக்கவைத்துக்கொள்ள ஊர்முன் சொல்லவேண்டிய வாக்கியம் ஒன்றே ஒன்றுதான்: என்னுடைய அம்மா எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. தூண்களுக்குப் பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காணியைப் பற்றி அவர்களுக்கு அக்கறை இல்லை. இவள் யார் என்பதைத் தெரிந்துகொள்ள அவர்கள் இருபது வருஷம் காத்திருந்தவர்கள்.

“ஓம் சேர்” என்றாள். “அம்மா சொன்னவ.”

கனகசூரியம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். இதுதான் வளர்ப்பு என்று சபையைப் பார்த்துச் சொன்னார். யோகம்மாவின் வளர்ப்பு எப்படிப்பட்டது என்பதை இந்தப் பிள்ளை இன்று ஊருக்குக் காட்டிவிட்டாள் என்றார். சபை தட்டியது. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, அதுவரை அவளோடு கதைத்தே இராத இரண்டு பெண்கள் அவளுடைய கையைப் பிடித்து, தாயைப் போலவே இரிக்காய் என்றார்கள். முக அமைப்பைச் சொன்னார்கள். கோயில் அவளுக்குப் பெரிய மனது பண்ணியது: சித்திரை வருஷம் பிறக்கும்வரை வீட்டில் இருக்கலாம்.

சட்டத்தரணி நிஸ்தார் போன் பண்ணிக் கேட்டார். நடந்ததைச் சொன்னாள்.

“பொய்ச்சாட்சி சொல்லி அடுத்தவன்ட காணிய எடுத்த ஆக்களுக்கு நான் வழக்குப் பேசியிரிக்கன். பொய்ச்சாட்சி சொல்லித் தன்ட வீட்டக் குடுத்த ஆள இப்பதான் பாக்கன்” என்றார். பிறகு, சின்னம்மா இன்னும் கையொப்பம் வைக்கவில்லை, வைக்காவிட்டால் வளவு இப்போதும் அவவுடையதுதான், போய்க் கதைத்துப் பாருங்கள் என்றார்.

அவள் போகவில்லை. வசந்தாதேவிதான் வந்தாள். காணியைக் கோயிலுக்கு எழுதிக் கொடுக்க நொத்தாரிசுவிடம் போகவேண்டிய நாளுக்கு முதல் நாள் பின்னேரம், கறிக்கு வெட்டிய மரவள்ளிக் கிழங்கில் பாதியைக் கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் குசினி வாசலில் நின்றாள். தக்சிகா முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டையில் மீன் உருவம் வெட்டிக்கொண்டிருந்தாள். இருவரும் கிழங்கின் விலையைப் பற்றிக் கதைத்தார்கள். வாவியில் இந்த வருஷம் இறால் இல்லாததைப் பற்றிக் கதைத்தார்கள். பிறகு வசந்தாதேவி குந்தினாள்.

“புள்ள, ஒண்டு கேக்கன். அக்கா உனக்கு உண்மையா அதச் சொன்னவவா?”

கத்தரிக்கோல் நின்றது. அது நல்ல கேள்வி. அதற்குள் ஒரு கதவு இருந்தது. இல்லை சின்னம்மா என்று இவள் சொன்னால், எனக்கும் ஒருத்தரும் சொல்லவில்லை புள்ள என்று அவள் சொல்லக்கூடும். சபையில் இல்லாத இடம், கேட்க ஆளில்லாத நேரம். இரண்டு பெண்களும் ஒரு பாட்டம் சிரித்திருக்கலாம், அழுதிருக்கலாம். நாளைக்கு நொத்தாரிசுவிடம் போகாமல் வயிற்றுவலி என்று படுத்திருக்கலாம்.

தக்சிகா சின்னம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. சபையில் சொன்னதை வீட்டில் சோதித்துப் பார்க்க வந்திருக்கிறாளா? ‘இல்லை’ என்ற சொல்லை இவள் வாயிலிருந்து எடுத்துக்கொண்டு போய், அவள் அப்போதே பொய்தான் சொன்னாள், அக்காட பிள்ளையா என்ன என்று யாருக்காவது சொல்லப்போகிறாளா?

“உங்களுக்குச் சொன்னவவா, சின்னம்மா?”

வசந்தாதேவியும் அவளுடைய முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் அதே பயம் இருந்தது. வளர்த்த பிள்ளைக்குச் சொல்லிய வழமையைப் பெத்த தாய் தனக்குச் சொல்லவில்லை என்று எப்படிச் சொல்வது?

“சொல்லாமயா?” என்றாள். “சின்ன வயசிலேயே சொன்னவ.”

“எனக்கும் அப்பிடித்தான்.”

“ஓம், ஓம். அக்கா சொல்லாம விட்டிரிக்க மாட்டா.” அவள் எழுந்து சேலையைத் தட்டினாள். “கிழங்க இண்டைக்கே அவிச்சிரு புள்ள, வெச்சா கறுத்திரும்.”

மறுநாள் வசந்தாதேவி கையொப்பம் வைத்தாள். காணி கோயில் பெயரில் ஏறியது, நீண்டகாலக் குத்தகை கோகுலராஜின் பெயரில் இறங்கியது. கல்வீட்டின் சுவரில் ஒரு வெள்ளைக்காரி நீச்சல் உடையில் வள்ளம் வலிக்கும் படம் வரையப்பட்டது. அம்மனின் காணி என்பதால் வாசலில் செருப்பைக் கழற்றும்படி ஓர் அறிவித்தலும் வைத்தார்கள். தக்சிகா முன்பள்ளிக்குப் பின்னால் இருந்த அறைக்கு மாறினாள். வருஷம் முடியுமுன் வழமை தன் காலிலேயே நடக்கத் தொடங்கிவிட்டது. பிள்ளையில்லாத இன்னொரு பெண்ணின் தோட்டக் காணியும் அம்மனின் மடியில் விழுந்தது. இம்முறை கூட்டம் அரைமணி நேரம்கூட நடக்கவில்லை. எல்லாருக்கும் முன்பே தெரிந்த விஷயம்.

பல்கலைக்கழகத்திலிருந்து கலாஜினி என்ற மாணவி வந்தது அதற்குப் பிறகு. மட்டக்களப்புத் தாய்வழி வழமைகள் பற்றி ஆய்வு செய்கிறாள். கனகசூரியம் அவளுக்குத் தேத்தண்ணியும் தம்முடைய உரைகளின் தொகுப்பு ஒன்றும் கொடுத்தார். குடிமீள் வழமை பற்றி நான் சொல்வதைவிட, தாயின் வாயாலேயே கேட்ட ஒருத்தி இருக்கிறாள் என்று முன்பள்ளியைக் காட்டினார். அப்படி ஒரு சாட்சி கிடைத்ததில் ஆய்வாளருக்கு மகிழ்ச்சி. தக்சிகாவுக்கு முன்னால், பிள்ளைகளின் சின்னக் கதிரையில் இருந்துகொண்டு, போனை மேசையில் வைத்துப் பதிவைப் போட்டாள்.

தக்சிகா முதலில் ஒரு வாக்கியத்தில் சொன்னாள். மாணவி, எப்போது சொன்னா, எங்கே வைத்துச் சொன்னா, என்ன செய்துகொண்டிருந்தா, எல்லாம் வேண்டும் என்றாள். தக்சிகா ஜன்னலைப் பார்த்தாள். பிறகு, மாரி மழைக்குள்ள ஒரு நாள் என்றாள். கூரை ஒழுகினதால இரண்டு பேரும் ஒரே கட்டில்ல படுத்திரிந்த நாங்க என்றாள். அம்மா தன்ட கைய என்ட தலைக்குக் கீழ வெச்சவ. இந்த வீடு உன்ட அம்மம்மா எனக்குத் தந்தது, அவட அம்மா அவக்குத் தந்தது எண்டு ஒவ்வொருத்தராச் சொல்லிட்டு வந்தவ. ஒழுகின தண்ணி கிண்ணத்துல விழுந்திட்டு இரிந்தது. அப்படியொரு மழைநாள் நடந்ததா என்று அவளுக்கே இப்போது தெரியவில்லை. சொல்லச் சொல்லக் கிண்ணத்தின் நிறம்கூடத் தெரிந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. கலாஜினியும் கண்ணைத் துடைத்தாள். இப்படிப்பட்ட தரவு எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

கடைசியாகக் கலாஜினி தன் கேள்விகளில் மிச்சமிருந்த ஒன்றைக் கேட்டாள். இந்த வழமைக்கு விதிவிலக்கு இருந்ததா? ஒரு பெண் பெறாமல், எடுத்து வளர்த்த பிள்ளை இருந்தால் வளவு அந்தப் பிள்ளைக்குப் போனதா, இல்லையா?

“வளத்த பிள்ளையா?” என்று தக்சிகா கேட்டாள். கொஞ்சம் யோசித்தாள்.

“அப்பிடி எங்கட குடியில ஒருத்தரும் இரிக்கல்ல.”